மீசை வைத்த அம்மாவின் நாலாம் வகுப்பு

பகல் கனவு புத்தகத்தில் வருகிற வாத்தியார் முதல் நாளே தோற்றுப்போகிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அங்கேதான்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பத்தொன்பது வருஷ சர்வீஸ். மூன்று பேர் வேலை பார்க்கும் பள்ளி, என் பங்குக்கு நாலும் ஐந்தும். கல்வியைப் பற்றிய புத்தகம் என்று யாராவது நீட்டினால் முதலில் கொட்டாவிதான் வரும். வட்டார வள மையத்தில் பயிற்சிக்கு உட்கார்ந்து எத்தனையோ கட்டகங்களை, அதாவது பயிற்சிக் கையேடுகளைப் படித்தாயிற்று. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, குழுவாகப் பிரியுங்கள், ஒருவர் வந்து விளக்குங்கள், டீ, கையெழுத்து. அங்கே காட்டுகிற வகுப்பறையில் எந்தப் பிள்ளையும் எவனையும் கிள்ளுவதில்லை. எவனும் பென்சிலைத் திருடுவதில்லை. அந்த வகுப்பை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இந்தப் புத்தகம் அப்படி இல்லை. இதை எழுதியவர் குஜராத்தின் கிஜுபாய் பதேகா. தமிழில் சிலர் ஜிஜுபாய் என்று எழுதுகிறார்கள். கிரிஜாசங்கர் என்ற பெயரின் செல்லச் சுருக்கம்தானே, கிஜுபாய் என்று சொன்னால்தான் காதுக்குச் சரியாக இருக்கிறது. குஜராத்தியில் 1930-களின் தொடக்கத்தில் வந்த புத்தகம். தமிழிலும் கிடைக்கிறது. மெலிந்த புத்தகம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடலாம்.

கதை இதுதான். ஒரு மனிதர் கல்வி அதிகாரியிடம் போய், எனக்கு ஒரு வகுப்பைக் கொடுங்கள், நான் நினைக்கிற மாதிரி ஒரு வருஷம் நடத்திப் பார்க்கிறேன் என்கிறார். அதிகாரி சிரிக்கிறார். சரி, நாலாம் வகுப்பை எடுத்துக்கொள், ஆனால் வருஷக் கடைசியில் பரீட்சை உண்டு, அதில் பிள்ளைகள் தேற வேண்டும் என்கிறார். நம்மவர் ராத்திரியெல்லாம் கண் விழித்துத் திட்டம் போடுகிறார். முதலில் அமைதி விளையாட்டு, அப்புறம் சுத்தம் பார்ப்பது, அப்புறம் பாட்டு, அப்புறம் பேச்சு. காலையில் வகுப்புக்குள் போய்க் கதவு ஜன்னலைச் சாத்தி, எல்லோரும் பேசாமல் உட்காருங்கள் என்கிறார்.

அவ்வளவுதான். ஒருவன் ஊளையிடுகிறான், ஒருவன் கை தட்டுகிறான், எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். திட்டம் மொத்தமும் போயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல், இன்றைக்கு லீவு, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுகிறார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் மற்ற வகுப்புகளும் கெட்டுப்போக, தலைமையாசிரியர் வந்து, யாரைக் கேட்டு லீவு விட்டீர்கள் என்று சண்டை.

இதைப் படித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கும் இதே கதி. இரண்டாம் வகுப்பு. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் செய்த முகமூடிகளை எல்லாம் பையில் போட்டு எடுத்துப்போயிருந்தேன். பத்து நிமிஷத்தில் சிங்கத்தின் காது கிழிந்தது. முயல் யாருக்கு என்று இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். மூன்றாவது ஆள் ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. அவன் வீடு பள்ளிக்கு எதிரில்தான், போய்ப் பார்த்தால் அவன் அம்மா மடியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருக்கிறான். “டீச்சர் நல்லாத்தான் இருக்காங்க, ஆனா கத்துறாங்க” என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். லீவு விடுகிற தைரியம் எனக்கு இல்லை. அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். அந்த வயதில் யாராவது இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருந்தால் அழுகையாவது மிச்சமாகியிருக்கும்.

இரண்டாம் நாள் அந்த வாத்தியார் செய்கிற காரியத்தில்தான் புத்தகமே இருக்கிறது. கதை சொல்லப்போகிறேன் என்கிறார். ஒரு ராஜா, அவருக்கு ஏழு ராணிகள் என்று ஆரம்பிக்கிறார். ஊளையிட்ட அதே பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் நிறுத்தி, கொஞ்சம் பொறுங்கள், வருகைப் பதிவை எடுத்துவிடுகிறேன் என்கிறார். பேரைக் கூப்பிட்டதும் டக் டக்கென்று பதில் வருகிறது. வேலை ஆக வேண்டியது அவருக்கு, அவசரம் அவர்களுக்கு. எந்தக் கட்டகத்திலும் இந்தச் சூட்சுமத்தை நான் படித்ததில்லை. மணி அடித்த பிறகும் பிள்ளைகள் போக மனமில்லாமல் நிற்கிறார்கள். நேற்று லீவு என்றதும் குதித்து ஓடியவர்கள்.

அங்கிருந்து கதையே ஏணியாகிறது. கதை கேட்க ஆசை வந்தவனுக்குக் கதை படிக்க ஆசை வருகிறது. அதனால் ஆளுக்கொரு பாடப்புத்தகம் வாங்குகிற காசில் வகுப்புக்கென்று நூலகம் வைக்கலாமே என்கிறார் வாத்தியார். ஒரே புத்தகத்தின் நாற்பது பிரதி எதற்கு, நாற்பது விதமான புத்தகம் இருக்கட்டுமே என்கிற கணக்கு. வரலாறும் கதையாகவே வருகிறது. இலக்கணம் விளையாட்டாக வருகிறது. எழுதிக் காட்டியதைப் படித்து அதன்படி செய், அது வினைச்சொல் என்கிற மாதிரி. பள்ளி விழாவுக்கு மனப்பாடம் செய்த செய்யுளை ஒப்பிக்கச் சொல்லாமல், பிள்ளைகள் தாங்களே ஆடிப் பழகிய கதைகளை நாடகமாகப் போடுகிறார்.

2007-ஐ ஒட்டித் தமிழ்நாடு முழுக்க செயல்வழிக் கற்றல் வந்தபோது பணியில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். அட்டைகள், ஏணிப்படி, தரையில் வட்டமாக உட்கார்வது, அவரவர் வேகத்தில் முன்னேறுவது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் வழியில் வந்த யோசனைகள் அவை. அதே மாண்டிசோரியைப் படித்துத்தான் கிஜுபாயும் மாறியிருக்கிறார். அட்டைகளை எங்களிடம் கொடுத்த நாளில் கூடவே இந்த மெலிந்த புத்தகத்தையும் கொடுத்திருக்கலாம். எதற்காக இந்த அட்டை என்பது எங்களில் பாதிப் பேருக்குப் பிடிபடாமலே அட்டைகள் நைந்துபோயின.

எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது, யார் இந்த ஆள், இவருக்கு இது எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். 1885-ல் சௌராஷ்டிரத்தில் சித்தல் என்ற ஊரில் பிறந்தவர். பிழைப்பைத் தேடி 1907-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். திரும்பி வந்து பம்பாயில் சட்டம் படித்தார். வத்வானில் வக்கீல் தொழில். வாத்தியார் வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. 1913-ல் மகன் பிறந்தான். இவனை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது என்று யோசிக்க ஆரம்பித்தவர்தான், தான் படித்த பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, அப்புறம் கோர்ட்டுப் பக்கம் மனசு ஒட்டவில்லை. 1916-ல் பாவ்நகரில் நானாபாய் பட் நடத்திவந்த தட்சிணாமூர்த்தி மாணவர் இல்லத்தில் சேர்ந்துவிட்டார். 1920-ல் அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்கான பால மந்திர். இரண்டரை வயசுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் பெரிய மீசைக்காரரை ஊர் எப்படிக் கூப்பிடும்? மூச்சாளி மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். மீசை வைத்த அம்மா.

பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்குமாக அவர் எழுதிக் குவித்தது ஏராளம். 1936-ல் பாவ்நகரை விட்டு வெளியே வந்து, ராஜ்கோட்டில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிற வேலையைத் தொடங்கினார். 1939 ஜூன் மாதம் பம்பாயில் இறந்துபோனார். வயது 53. அதே வருஷக் கடைசியில்தான் மாண்டிசோரி அம்மையார் இந்தியாவுக்கு, நம் சென்னை அடையாறுக்கு, வந்து சேர்ந்தார். இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த நாளில் எனக்கு என்னவோ போல் இருந்தது. இன்னும் ஆறு மாசம் இருந்திருக்கக் கூடாதா மனுஷன்.

இன்னொன்று. பாவ்நகரில் அவரோடு வேலை பார்த்தவர் தாராபாய் மோடக். அந்த அம்மாதான் பிற்பாடு மகாராஷ்டிரத்தில் போர்டி என்ற ஊரில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பால்வாடி தொடங்கியவர். சின்ன வயசில், பால் கொடுப்பார்கள், அதனால் பால்வாடி என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் ஊர் பால்வாடியில் பால் கொடுத்ததே இல்லை என்பதும், அது சத்துமாவு உருண்டைதான் என்பதும் அந்த நம்பிக்கையைக் கொஞ்சமும் அசைக்கவில்லை. பால் என்றால் குழந்தை, வாடி என்றால் தோட்டம். வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்தத் தோட்டம் என்ற சொல்லிலிருந்தே ஒரு கதைக்குப் போகிறேன். கிஜுபாய் திரட்டிச் சொன்ன குஜராத்தி நாட்டுப்புறக் கதைகளில் ரொம்பப் பேர்போனது தலா தர்வாடி கதை. தலாவின் பெண்டாட்டிக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர். வாங்கக் காசில்லை. தலா அடுத்தவன் தோட்டத்துக்குப் போகிறான். கேட்காமல் எடுத்தால் திருட்டு ஆகிவிடும், அவன் யோக்கியன் இல்லையா? அதனால் தோட்டத்தையே கேட்கிறான்.

“தோட்டமே தோட்டமே!”

“என்ன சொல்றீங்க தலா?”

“கத்தரிக்காய் எடுத்துக்கட்டுமா ரெண்டு நாலு?”

“எடுத்துக்கோங்களேன் பத்துப் பன்னெண்டு!”

கேள்வியும் அவனே, குரலை மாற்றிப் பதிலும் அவனே. தினமும் இப்படியே நடக்கிறது. ஒருநாள் தோட்டக்காரன் ஒளிந்திருந்து பிடித்துவிடுகிறான். அவனும் விவரமானவன். தலாவின் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கிணற்றைக் கேட்கிறான். “கிணறே கிணறே, முக்கி எடுக்கட்டுமா ரெண்டு நாலு?” “முக்கி எடேன் பத்துப் பன்னெண்டு!”

போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் தூங்கி வழிகிற நேரத்தில் இதைச் சொன்னேன். இரண்டாவது ‘பத்துப் பன்னெண்டு’ வரும்போதே வகுப்பு முழுக்க என்னோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டது. முக்கி எடுக்கிற கட்டத்தில், ஜன்னலோரம் உட்கார்கிற பையன், வருஷம் ஆரம்பித்ததிலிருந்து வாசிப்புக்குக் கூப்பிட்டால் சுவரைப் பார்க்கிறவன், எழுந்து நின்று, “டீச்சர், கிணத்துல தண்ணி இருந்துச்சா?” என்று கேட்டான். இருந்தது என்றேன். “எங்க ஊர் கிணத்துல இல்ல. எங்க ஊரா இருந்தா தலா தப்பிச்சிருப்பான்.” ஒரே சிரிப்பு. அவனும் சிரித்தான்.

மறுநாள் பள்ளி இல்லை. திங்கட்கிழமை காலை அவன் வந்து, கரும்பலகையில் நான் எழுதியிருந்த தோட்டமே தோட்டமே வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். மனப்பாடமாகச் சொன்னான் என்று வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. விரல் சரியான சொல்லில் நின்றது. ‘பன்னெண்டு’ என்பதில் எதற்கு இத்தனை ‘ன்’ என்று கேட்டான். அந்த வாரம் சத்துணவுக் கூடத்தில் அக்காவிடம், “சட்டியே சட்டியே, முட்டை எடுத்துக்கட்டுமா ரெண்டு நாலு?” என்று கேட்டு ஒரு கூட்டமே நின்றதாகப் புகார் வந்தது. முட்டை ஆளுக்கு ஒன்றுதான் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு, ஆகா, கதை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு இந்தப் புத்தகத்தோடு சண்டையும் உண்டு.

முதல் சண்டை, அந்த அதிகாரி. சிரிக்கிறார், கடிந்துகொள்கிறார், ஆனால் கடைசிவரை பொறுமையாக இருக்கிறார். அப்படி ஓர் அதிகாரி இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பல வருஷத்துக்கு முன்னால், வேறொரு பள்ளியில், பாடவேளையில் நான் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது பார்வைக்கு வந்தவர், “பாடக்குறிப்பில் இது எங்கே இருக்கு?” என்று கேட்டார். எழுதிவைக்கவில்லை. பார்வைப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார், அதற்கு விளக்கம் எழுதியே இரண்டு சாயங்காலம் போயிற்று. அன்றிலிருந்து நான் சொல்கிற கதையைப் பாடக்குறிப்பிலும் எழுதிவிடுவேன். ‘கேட்டல் திறன்’ என்று தலைப்புப் போட்டு.

இரண்டாவது, வாத்தியாருக்கு ஒரே வகுப்பு. எனக்கு இரண்டு. நாலாம் வகுப்புக்குக் கதை சொன்னால் ஐந்தாம் வகுப்பும் கேட்கும், அது நல்லதுதான். ஆனால் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குச் சொல்லித்தரும்போது நாலாம் வகுப்பு என்ன செய்யும் என்பதற்கு இந்தப் புத்தகத்தில் பதில் கிடையாது. கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகை ஏற்றுவது, யாருக்கு ஆதாரில் பெயர் தப்பு, யாருக்கு வங்கிக் கணக்கு இல்லை என்று அலைவதெல்லாம் அந்தக் காலத்தில் இல்லை. அதை அவர் மேல் குற்றமாகச் சொல்ல முடியாது. பொறாமையாகச் சொல்லலாம்.

மூன்றாவதுதான் எனக்கு உறுத்தல். அது பையன்களின் வகுப்பு. பெண் பிள்ளைகளை நான் அந்தப் பக்கங்களில் தேடிக்கொண்டே இருந்தேன். சுத்தம் பற்றிய பகுதியில் நகம், முடி, அழுக்குத் தொப்பி என்று வாத்தியார் பாடாய்ப் படுகிறார். நல்ல மனசுதான். ஆனால் காலையில் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு நின்றுவிட்டுத் தலை வாராமல் ஓடி வருகிற பெண்ணை எனக்குத் தெரியும். அவள் கையில் கண்ணாடியைக் கொடுப்பதற்கு முன்னால் நான் இரண்டு தடவை யோசிப்பேன். இப்போது என் மேசை இழுப்பறையில் ஒரு சீப்பும் ரப்பர் பேண்டும் கிடக்கும். யார் வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடி கழுவுகிற இடத்தில் மாட்டியிருக்கிறது, எல்லோருக்கும் பொதுவாக.

பெற்றோர் கூட்டம் வருகிற இடத்தை மட்டும் மறக்காமல் படியுங்கள். பெரிய உரை தயார் செய்துகொண்டு காத்திருக்கிறார் வாத்தியார், வந்தவர்களோ சொற்பம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உள்ள யாருக்கும் அங்கே சிரிப்பு வரும். நூறு வருஷம் ஆகப்போகிறது, நாற்காலி அப்படியே காலியாகத்தான் கிடக்கிறது.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் நேராகத்தான் போகிறது, தடுக்கி விழ வைக்கவில்லை. ஆனால் பையன்கள் பேசுகிற இடங்களில் இன்னும் கொஞ்சம் பையன்களாகப் பேசியிருக்கலாம். வாய்விட்டுப் படிக்கும்போது நான் அந்த இடங்களை என் வகுப்புப் பிள்ளைகள் பேசுகிற மாதிரி மாற்றிக்கொள்கிறேன். கிஜுபாய் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே ஊர்க் கதைகளைப் பிள்ளைகளின் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சொன்னவர்தானே.

யார் வாங்கலாம்? ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவர்கள் கட்டாயம். வீட்டில் நாலைந்து வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, இது ஏன் உட்காரவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களும். பாடத்திட்டமாக, இந்த வாரம் இதைச் செய், அடுத்த வாரம் அதைச் செய் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். முடிவில் எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே கூடிவருகிறது. பகல் கனவு என்று அவரே பெயர் வைத்துவிட்டார், அதனால் சண்டைக்கும் போக முடியவில்லை. பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கிற புத்தகம் இல்லை இது. அவர்களுக்கு இப்போது அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகக் குட்டிக் குட்டிக் கதைப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. ஜன்னலோரப் பையன் நட-வில் இருக்கிறான்.

என்னிடம் இருப்பது இரண்டாவது பிரதி. முதல் பிரதியை ஒரு பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போனார், ஆளும் மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டாவதையும் இப்போது எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் வைத்திருக்கிறார். ஒரு மாசம் ஆயிற்று. நேற்றுக் கேட்டேன். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதனிடமே குனிந்து, “புத்தகமே புத்தகமே, உன்னை வச்சுக்கட்டுமா ரெண்டு நாள் நாலு நாள்?” என்றார். நான் பதில் சொல்வதற்குள், ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்ற நாலைந்து வாண்டுகள் பத்துப் பன்னெண்டு என்று கத்திவிட்டன.